வெள்ளை மேல் வெள்ளை

மயிலாப்பூர்
12.11.98

சிரஞ்சீவி சுஹாஸுக்கு அக்கா ரஞ்சனியின் ஆசீர்வாதம். நானும் அப்பாவும் சௌக்கியம். மழைக்கு அப்பாவின் முழங்கால் வலிதான் கொஞ்சம் கூடியிருக்கிறது. நீயும் ஸ்ரீலக்ஷ்மியும் சுகம்தானே? அவளுக்குத் தும்மல் நின்றதா?

மெயில் இருக்கும்போது எதற்குத் தபால் என்று கேட்பாய். கடைக்கு வருகிற மெயிலையெல்லாம் அப்பாதான் கச்சேரி ரோடு பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து, நடந்து வரும்போதே படித்து முடித்து, நாலாக மடித்து என்னிடம் நீட்டுகிறார். அப்புறம் அவரைப் பற்றி உனக்கு எப்படி எழுதுவது? தபால் என்றால் அடுத்தவர் உறையைப் பிரிக்கமாட்டார். ஆடிட் ஆபீஸில் ஊறிய கை.

கடை ஜோராக நடக்கிறது. நீ வெப்சைட் போட்டுக் கொடுத்தபோது நான் ஒரு வருஷம் சம்பளமில்லாத லீவு போட்டது பைத்தியக்காரத்தனம் என்று நந்தனத்தில் என் காலேஜ் ஆபீஸே சிரித்தது. இப்போது டொராண்டோவிலிருந்தும் ஹூஸ்டனிலிருந்தும் கல்யாணப் பெண்கள் இடுப்பளவு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். தி. நகரில் நான் பட்டு எடுக்கிறேன், கலீமுல்லா பாய் வெட்டித் தைக்கிறார், அவர் மனைவி ஹாஜிரா பீ ஃபால் அடிக்கிறாள். ஒன்பது கஜத்தைப் பாவாடை மாதிரி ஏற்றிக்கொண்டு கொக்கி மாட்டினால் மடிசார் தயார். மாப்பிள்ளைக்குத் தைத்த பஞ்சகச்சமும் சேர்த்திருக்கிறேன்.

அப்பாதான் இன்னும் வழிக்கு வரவில்லை. "கோமளம்" என்று அம்மா பெயரைக் கடைக்கு வைத்ததில் அவருக்குக் கோபம். "உங்கம்மா கண்ணை மூடிண்டு மடிசார் கட்டுவா. அவ பேரைப் போட்டுத் தலையணை உறை விக்கறியா?" என்றார். பஞ்சகச்சத்தைப் பார்த்துவிட்டு, "கச்சத்தைத் தைக்கறதாவது! கலி முத்திடுத்து" என்று எழுந்து போய்விட்டார். ஆனால் வாரம் தவறாமல் சென்டருக்குப் போய் விலையை மாற்றுவது, புதுப் புடவையைச் சேர்ப்பது எல்லாம் அவர்தான். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர் இருக்கும்போது நான் எதற்கு ஒற்றை விரலால் குத்த வேண்டும்? சென்டர் வைத்திருக்கும் தௌசீஃப் கலீமுல்லா பாயின் மகன்தான். "சார் ஸ்பீடு மெட்ராஸ்ல ஒருத்தருக்கும் இல்லக்கா" என்கிறான். அப்பா அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருப்பார், காதுமட்டும் சிவக்கும்.

ஜூனில் லீவு முடிகிறது. அதற்குள் கடை தன் காலில் நின்றுவிட்டால் காலேஜுக்கு ஒரு கும்பிடு.

உடம்பைப் பார்த்துக்கொள். ஸ்ரீலக்ஷ்மிக்கு என் அன்பு.

ரஞ்சனி


சான் ஹோசே
2.12.98

அன்புள்ள அக்காவுக்கு சுஹாஸ் நமஸ்காரம். இங்கே குளிர். மற்றபடி இருவரும் நலம். தும்மல் நின்று இருமல் வந்திருக்கிறது, நீ கேட்டதாகச் சொன்னேன். அப்பாவை முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொல்.

நேற்று ஆபீஸில் வேலையை விட்டுவிட்டு உன் கடையைத் தேடிப் பார்த்தேன். மடிசார் என்று ஆங்கிலத்தில் தட்டினால் கோமளம்தான் முதல் பெயர். ஒன்பது கஜம் என்று தட்டினாலும் அதேதான். இதன் அருமை உனக்குத் தெரியாது. இந்த ஊரில் கடை கடையாக ஏறி இறங்கி மடிசார் தேட முடியாது. தேடும் தளத்தில் வார்த்தையைப் போடுவார்கள், முதல் பக்கத்தில் வருகிற பத்துப் பெயரைப் பார்ப்பார்கள், அதோடு சரி. பதினோராவது பெயர் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று.

வரிசை போடுவது மனிதர் இல்லை, மெஷின். சில வாரத்துக்கு ஒருமுறை வந்து எல்லோருடைய பக்கத்தையும் படித்துவிட்டுப் போகும். அதனால் விலையும் படமும் தவிர வேறு எதையும் தொட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவை.

அப்பா திட்டுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. என்னையும் இப்படித்தான் பிளேன் ஏறும்வரை திட்டினார்.

இருவருக்கும் எங்கள் நமஸ்காரம்.

சுஹாஸ்


மயிலாப்பூர்
21.1.99

சுஹாஸுக்கு ஆசீர்வாதம். பொங்கல் ஆயிற்று. எல்லோரும் க்ஷேமம் என்றுதான் எழுத வேண்டும், உடம்பைப் பொறுத்தவரை உண்மையும் அதுதான்.

ஆர்டர் நின்றுவிட்டது. குறைந்தது என்றுகூடச் சொல்ல மாட்டேன், குழாயை மூடினாற்போல நின்றுவிட்டது. கிறிஸ்துமஸ் விடுமுறை என்று முதலில் நினைத்தேன். அப்புறம் மார்கழி, நம்மவர்கள் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டார்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன். தை பிறந்து ஒரு வாரமாகிறது. அப்பா வெறுங்கையோடு திரும்பி வருகிறார்.

நேற்று நானே சென்டருக்குப் போய்த் தேடினேன். முதல் பக்கத்தில் இல்லை. தௌசீஃப் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனான். பெங்களூரில் யாரோ ஒரு பாட்டு வாத்தியார், திருச்சியில் ஒரு ஜோசியர், எல்லோரும் வருகிறார்கள், நம் கடை வரவில்லை. "இன்னாக்கா இது, அட்ரஸே இல்லாம போச்சு!" என்று அவனே அதிர்ந்துவிட்டான். என் நிலைமையைக் கேட்பானேன்.

கலீமுல்லா பாய் காலையில் வந்தார். "இன்னாம்மா, துணி வெட்றதுக்கு ஒண்ணும் இல்லியா? மெஷின் சும்மா கீது" என்றார். நாளைக்கு வரும் பாய் என்றேன். அவர் தலையாட்டிய விதத்தில் நம்பவில்லை என்று தெரிந்தது. என்னை நம்பித்தான் அவர் பழைய கடை வேலையை விட்டார்.

அப்பாவிடம் சொன்னதற்கு, "ராமன் பாத்துப்பான்" என்று ஒரே வார்த்தை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மார்கழி முழுவதும் தினமும் சென்டரில் போய் உட்கார்ந்திருந்த மனுஷர், கடை காணாமல் போனதை ஒருநாளாவது பார்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா?

என்ன செய்வதென்று உடனே எழுது.

ரஞ்சனி


சான் ஹோசே
9.2.99

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். நலம். உங்கள் நலமும் அப்படியே என்று நம்புகிறேன்.

கடிதம் வந்த அன்றே பார்த்தேன். நீ சொன்னது நிஜம். எனக்குத் தோன்றுவது, புதிதாக யாரோ பெரிய புடவைக் கடைக்காரர்கள் வந்து நம்மைக் கீழே தள்ளியிருக்கிறார்கள். பக்கத்தின் தலைப்பை இன்னும் தெளிவாக மாற்றியிருக்கிறேன். தேடும் தளத்தில் நம் பெயரை மறுபடி பதிந்தும் விட்டேன். ஒரு மாதம் பொறு, மேலே வந்துவிடும்.

இங்கே இரண்டாயிரம் பிறக்குமுன் கம்ப்யூட்டர்களின் தேதியைத் திருத்துகிற வேலை பிராணனை வாங்குகிறது. ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ். அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். கவலைப்படாதே.

சுஹாஸ்


மயிலாப்பூர்
5.3.99

சுஹாஸுக்கு ஆசீர்வாதம். நீ மூச்சுவிட நேரமில்லாமல் இருக்கிறாய் என்று தெரிகிறது. வேளைக்குச் சாப்பிடு. ஸ்ரீலக்ஷ்மி தனியாக இருந்து அலுத்துப் போகாமல் பார்த்துக்கொள்.

நீ சொன்ன மாதம் கிட்டத்தட்ட முடிந்தது. கோமளம் எங்கேயும் இல்லை. மேலே வந்துவிடும், மேலே வந்துவிடும் என்று நீயும் எழுதுகிறாய், நானும் கலீமுல்லா பாயிடம் சொல்கிறேன். அவர் இப்போது ஸ்கூல் யூனிபாரம் தைக்க எடுத்துக்கொண்டிருக்கிறார். தப்பில்லை, வயிறு இருக்கிறதே. அளவு கொடுத்திருந்த கடைசிப் பெண்ணின் மடிசாரைக் கொண்டு வந்து தந்தவர், "வேலை வந்தா சொல்லி அனுப்பும்மா, இதை அப்டியே போட்டுட்டு வந்துர்றேன்" என்றார். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். உன்னிடம் சொல்வதற்கென்ன.

காலேஜிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. திரும்பி வருவதானால் ஜூன் பத்துக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள். நியாயம்தான்.

அப்பா தினமும் சாயங்காலம், "இன்னிக்கு ஏதாவது வந்துதா?" என்று கேட்கிறார். மெயில் கொண்டுவருகிறவரே அவர், வரவில்லை என்று அவருக்குத் தெரியாதா? குத்திக் காட்டுகிறார் என்று நினைத்து நேற்று கத்திவிட்டேன். "உங்களுக்குச் சந்தோஷம்தானே? தலையணை உறை விக்கலை. போறுமா?" செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். வலிக்கிற காலோடு.

நீ ஒருமுறை சிரத்தையாக உட்கார்ந்து பார். ஆபீஸ் தேதியை அப்புறம் திருத்திக்கொள்ளலாம்.

ரஞ்சனி


சான் ஹோசே
21.3.99

அன்புள்ள அக்கா,

நமஸ்காரம். நாங்கள் நலம். இதைத் தனியாக இருக்கும்போது படி. மெயிலில் எழுத முடியாது, ஏன் என்று உனக்கே புரியும்.

நீ சொன்னபடி நேற்று சிரத்தையாக உட்கார்ந்தேன். நம் பக்கத்தில் கடைசிப் புடவைக்குக் கீழே நீளமாக வெற்றிடம் இருந்தது. நான் அவ்வளவு இடம் விடவில்லையே என்று மௌஸை அழுத்தி இழுத்தேன். வெள்ளை நீலமானது. நீலத்தில் எழுத்து தெரிந்தது. ஸ்ரீராமஜெயம். அதற்குப் பக்கத்தில் ஸ்ரீராமஜெயம். அடுத்த வரி, அதற்கடுத்த வரி, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கிறது. ஆங்கில எழுத்தில், ஒரு பிழை இல்லாமல், வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை நிறத்தில்.

முதலில் சிரித்துவிட்டேன். ஸ்ரீலக்ஷ்மியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "அப்பாவா?" என்றாள். அதற்குமேல் எனக்கும் சிரிப்பு வரவில்லை.

நடந்தது இதுதான். சில அயோக்கிய வியாபாரிகள் கண்ணுக்குத் தெரியாத நிறத்தில் ஒரே வார்த்தையை நூறு தடவை எழுதி மெஷினை ஏமாற்றி மேலே வந்துகொண்டிருந்தார்கள். மெஷின்காரர்கள் விழித்துக்கொண்டு, அப்படி ஒளித்து எழுதியிருக்கும் பக்கத்தையெல்லாம் அடியில் தள்ளும்படி செய்திருக்கிறார்கள். மெஷினுக்கு ராமனும் தெரியாது, அப்பாவையும் தெரியாது. நம் கடையையும் திருட்டுக் கடை என்று தள்ளிவிட்டது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். நீ அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடு. என்னால் முடியாது.

சுஹாஸ்


மயிலாப்பூர்
6.4.99

சுஹாஸுக்கு அநேக ஆசீர்வாதம். சௌக்கியம். உன் கடிதத்தை மாடியில் துணி உலர்த்தும் இடத்தில் நின்று படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன்.

மறுநாள் அப்பா கேசவப் பெருமாளைச் சேவிக்கப் போன நேரம் பார்த்து தௌசீஃபிடம் போனேன். அவன் ஒளிக்கவில்லை. "மார்கழி மாசம்க்கா. சார் வந்து, தௌசீஃப், நான் ஒண்ணு எழுதணும், ஆனா பாக்கறவா கண்ணுக்குத் தெரியப்படாதுன்னாரு. வெள்ளை மேல வெள்ளை வெச்சா தெரியாது சார்னு நான்தான் கலர் மாத்தக் காட்டிக் குடுத்தேன். சாமி மேட்டரு, நான் இன்னாத்த கேக்கறது? டெய்லி வந்து கொஞ்சம் கொஞ்சமா அடிப்பாரு. அடிக்கறதுக்கு முன்னாடி செருப்பை வெளிய கழட்டி வெச்சுருவாரு. தப்பாக்கா?" என்றான்.

தப்பில்லை என்றேன். விஷயத்தைச் சொல்லி, அப்பாவிடம் மூச்சு விடாதே என்று கேட்டுக்கொண்டேன்.

சுஹாஸ், உனக்குப் பாதிதான் தெரியும். அம்மா இருந்தவரை அப்பா தினம் ஸ்ரீராமஜெயம் எழுதுவார், நோட்டு நோட்டாக. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தும் எழுதினார். காரியங்கள் முடிந்து நீ விமானம் ஏறின மறுநாள் எல்லா நோட்டையும் கட்டிப் பரணில் போட்டார். "போறும்" என்றார். இரண்டு வருஷமாகப் பேனா திறக்கவில்லை. அந்த மனுஷர் என் கடைக்காக மறுபடி எழுதியிருக்கிறார். தலையணை உறை என்று திட்டிய அதே கடைக்காக. ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டாரா என்று நான் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன் தெரியுமா? அந்த வார்த்தை அடியிலேயே இருந்திருக்கிறது, பக்கம் பக்கமாக. அதைப் போய், "அப்பா, நீங்கள் எழுதினதால்தான் கடை முங்கிப் போயிற்று" என்று என் வாயால் சொல்லவா? அப்புறம் அவர் எழுதவே மாட்டார், பெருமாளைச் சேவிக்கவும் போக மாட்டார். எனக்கு அவரைத் தெரியும்.

நான் சொல்லப் போவதில்லை. நீயும் சொல்லக் கூடாது. அழித்தாயிற்று, கடை மேலே வரட்டும், அவருக்குத் தெரிய வேண்டாம். அன்றைக்குக் கத்தினேனே, அதற்குப் பரிகாரமாக அவருக்குப் பிடித்த மோர்க்குழம்பு செய்தேன். "உப்பு ஜாஸ்தி" என்றார்.

ஸ்ரீலக்ஷ்மிக்கு என் அன்பு. சிரிக்காமல் இருந்ததற்கு.

ரஞ்சனி


சான் ஹோசே
29.4.99

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுக்குத்தான்.

ஏப்ரல் முதல் வாரத்தில் கோமளம் மூன்றாம் பக்கத்துக்கு வந்தது. பார்த்துவிட்டுத் துள்ளினேன். போன வாரம் மறுபடி காணோம். மௌஸால் இழுத்தேன். ஸ்ரீராமஜெயம், முன்னைவிட நீளமாக.

அப்பாவே எனக்கு மெயில் அனுப்பியிருக்கிறார். ஆங்கிலத்தில், அவருடைய ஆபீஸ் நடையில். பக்கத்தின் அடியில் தான் சேர்த்த சில வரிகள் வழியில் எங்கோ தொலைந்துபோய்விட்டன, ஸ்ரீராமநவமியன்று மறுபடி சேர்த்திருக்கிறேன், இனி தொலையாதபடி ஆவன செய்யவும் என்று இருக்கிறது. கடைசியில் ஒரு வரி: இதை ரஞ்சனிக்குத் தெரிவிக்க அவசியமில்லை.

நீ அவரிடம் சொல்லாதே என்கிறாய், அவர் உன்னிடம் சொல்லாதே என்கிறார். நான் நடுவில் உட்கார்ந்து அழித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதும் அழித்துவிட்டேன். அவர் திரும்ப எழுதுவார். மெஷின் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு தடவை மாட்டினால் மூன்றாம் தடவை நிரந்தரமாகத் தள்ளிவிடுவார்களாம்.

பாஸ்வேர்டை மாற்றிவிடட்டுமா? இல்லை, அவர் எழுதுவதற்கென்று தனியாக ஒரு பக்கம் போட்டுத் தரட்டுமா? இரண்டும் வேண்டாமென்றால் நீ சொல்லித்தான் ஆக வேண்டும்.

சுஹாஸ்


மயிலாப்பூர்
24.5.99

சுஹாஸுக்கு ஆசீர்வாதம். வெயில் கொளுத்துகிறது. அப்பா நலம். நானும் அப்படித்தான்.

பாஸ்வேர்டை மாற்றாதே. ரிடையரான மனுஷருக்கு மிச்சமிருக்கும் ஆபீஸ் அந்த ஒரு நாற்காலிதான். தனிப் பக்கமும் வேண்டாம். தனியாக எழுத அவருக்கு நோட்டு இருக்கிறதே. கடைக்குள் எழுத வேண்டும் என்பதுதானே அவர் எண்ணம்.

சொல்லிப் பார்த்தேன். நிஜமாகவே முயன்றேன். போன வெள்ளிக்கிழமை காப்பி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, "அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். என்னவென்று கேட்கும் முன்பே, "கவலைப்படாதே, சீக்கிரம் சரியாயிடும். எனக்குத் தெரியும்" என்றார். எவ்வளவு நிச்சயமாகச் சொன்னார் தெரியுமா? அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் என்ன சொல்வது? மாவு வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். காலேஜுக்குத் திரும்பி வருகிறேன் என்று எழுதிவிட்டேன். நாளைக்கு அப்பாவிடமே தபாலில் போடக் கொடுக்கப் போகிறேன். இந்த வீட்டில் தபால் பெட்டிக்குப் போகிறவர் அவர்தானே. கலீமுல்லா பாயிடம் சொன்னேன். "உன் மனசுக்கு எது சரியோ செய்ம்மா" என்றார். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

கடை போனால் எனக்கு வேலை இருக்கிறது. அவருக்கு அந்த நம்பிக்கை போனால் வேறு என்ன இருக்கிறது? நீ எதிர்த்து எழுதாதே. கடிதம் வருவதற்குள் நான் ஆபீஸில் உட்கார்ந்திருப்பேன்.

ரஞ்சனி


மயிலாப்பூர்
20.6.99

சிரஞ்சீவி சுஹாஸுக்கும் சௌபாக்கியவதி ஸ்ரீலக்ஷ்மிக்கும் வேதாந்தம் செய்யும் அநேக ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் இங்கு க்ஷேமம். உங்கள் க்ஷேமம் அறிய ஆவல்.

நான் உனக்குத் தபால் எழுதுவது அபூர்வம். மெயிலில் அனுப்பியிருக்கலாம். அதை ரஞ்சனி பார்க்கிறாளோ என்னவோ, எனக்கு இது சௌகரியம்.

ரஞ்சனி காலேஜுக்கு எழுதிய உறையை என்னிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னாள். மேல்விலாசத்தைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. தபால் பெட்டி வரை போய், அதைத் தாண்டி சென்டருக்குப் போனேன். கடை மூடப் போகிறதென்றால் இன்னும் கொஞ்சம் எழுதலாம் என்று எண்ணம். செருப்பைக் கழற்றும்போது தௌசீஃப் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சார், கோச்சுக்காதீங்க. அக்கா சொல்லக் கூடாதுன்னுச்சு. ஆனா கடைய மூடறாங்கன்னு எங்கப்பா வந்து சொல்றாரு. அவருக்கு அதான் சார் பொழப்பு. சொல்லாம எப்டி இருக்கறது?" என்று எல்லாவற்றையும் சொன்னான்.

சோடா வாங்கிக் கொடுத்தான். பிறகு நானே எல்லாவற்றையும் அழித்தேன். எழுத மார்கழி முழுவதும் ஆயிற்று. அழிக்க ஒரு விசை போதும் என்று அப்போதுதான் தெரிந்தது. நீ இத்தனை நாள் சொல்லாமல் அழித்துக்கொண்டிருந்தாய் என்றும் தெரிந்தது. உன்மேல் வருத்தமில்லை.

ஏன் வெள்ளையில் எழுதினேன் என்று நீ நினைக்கலாம். வேண்டாம் வேண்டாம் என்று வாய் கிழியப் பேசிவிட்டு, கடை நன்றாக நடக்க வேண்டும் என்று எழுதுவதை மகள் பார்த்தால் என்ன நினைப்பாள் என்று வெட்கம். உன் தாயார் பெயரில் இருக்கும் கடை அது. நன்றாக நடக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் ஆசைதான். நல்ல வார்த்தை சொல்ல எனக்கு வருவதில்லை. உன் தாயாரிடமும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து அந்த உறையை ரஞ்சனிக்கு முன்னால் வைத்தேன்.

"தபால்ல போடலையா?"

"போடலை. கணக்குல பிசகு நேர்ந்தா, பிசகு பண்ணினவன் திருத்தணும். பக்கத்து ஸீட்டுக்காரி வேலையை விட்டுட்டுப் போகப்படாது" என்றேன்.

அவள் என்னை அப்படிப் பார்த்தாள். "யாருப்பா சொன்னா?"

"யார் சொன்னா என்ன? நீ சொல்லியிருக்கணும். உங்கப்பன் ஒரு கம்ப்யூட்டர் தள்ளிவிட்டதுக்காகப் பெருமாளைக் கோச்சுக்கறவன்னு நெனச்சியா?"

"கோச்சுண்டேளே, அம்மா போனப்போ" என்றாள்.

அழுதாள். நானும்தான். பிறகு உறையைக் கிழித்துப் போட்டாள்.

ஜூன் பத்து வந்து போய்விட்டது. கலீமுல்லா யூனிபாரத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டே நமக்கும் தைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். கோமளம் நாலாம் பக்கத்தில் தெரிகிறதாகத் தௌசீஃப் நேற்று சொன்னான். ஹூஸ்டனிலிருந்து ஒரு பெண் விலை மட்டும் விசாரித்திருக்கிறாள். மேலே வருமா என்று எனக்குத் தெரியாது. நீ பார்த்துக்கொள். பரணிலிருந்து நோட்டை இறக்கிவிட்டேன். இப்போது நீல மசியில் எழுதுகிறேன், நோட்டைப் படிக்க எந்த மெஷினும் வராது.

இன்னொரு விஷயம். முழங்கால் வலியோடு குனிந்து கச்சம் வைத்துக்கொள்ள முடியவில்லை. வைதீக காரியங்களுக்கு உதவாது, ஆனால் கல்யாணத்துக்கும் கச்சேரிக்கும் போக ஒன்று இருக்கட்டும் என்று தைத்த பஞ்சகச்சம் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்குள் கேட்டு வாங்குவது முறையில்லை. சென்டரில் உட்கார்ந்து, உன் பக்கத்தின் வழியாகவே, பெயர், விலாசம், இடுப்பளவு எல்லாம் நிரப்பி அனுப்பினேன். அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து மடித்து ரஞ்சனியிடம் நானே கொடுத்தேன். படித்துவிட்டு என் இடுப்பை ஒருதரம் பார்த்தாள். "அளவு தப்பு" என்று டேப்பை எடுத்தாள்.

ஒரு குறை மட்டும் கண்டேன். நாடுகள் வரிசையில் இந்தியா இல்லை. மற்றவை என்று குறிக்க வேண்டியதாயிற்று. சேர்த்துவிடவும். கடைசியில் வந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா
வேதாந்தம்